நூற்று எழுபத்தாறாம் பக்கத்துக்குப் பிறகு

பையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் மேலட்டை இல்லை. மெல்லியது நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. தடிமனானதன் அட்டையை இன்று காலை ஏழரை மணிக்கு விடுதிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான்தான் கிழித்தேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன். ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று நினைத்தது வரவில்லை, முதுகில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது, வாளி நிரம்பி வழிந்தது, யாரோ கதவைத் தட்டி ‘உள்ள யாருங்க, தண்ணி வீணாப் போவுது’ என்றார்கள், நான் ‘ம்’ என்று மட்டும் சொன்னேன். இப்போது வலது ஆள்காட்டி விரல் நகத்தடியில் கொஞ்சம் பசை பழுப்பாக ஒட்டியிருக்கிறது. சுகந்தி அக்கா கையைப் பிடித்தால் அது தெரியுமா. கையைப் பிடிப்பாரா. யாரையாவது முதல்முதலாகப் பார்க்கும்போது அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போது என்ற சொல்லையே அவருக்குப் பயன்படுத்தலாமா என்றும் தெரியாது, அவர் பயன்படுத்துகிறார், ‘ஞாயித்துக்கெழம பாக்கலாம் அம்மிணி’ என்றுதான் சொன்னார். காந்திபுரத்தில் ஏறும்போது மருதமலை பஸ்ஸில் பாதிப் பேர் பால்குடத்தோடு இருந்தார்கள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ‘லேடீஸ் எல்லாம் டிக்கெட் வாங்கிக்குங்க, காசில்லாட்டியும் டிக்கெட் வேணும், செக்கிங் வந்தா எனக்குத்தான் ஏச்சு’ என்று கண்டக்டர் ஒவ்வொரு வரிசையாக வந்தார். வடவள்ளி என்ற சொல்லை அவர் வருவதற்குள் மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் வந்து நின்றபோது உதடு மட்டும்தான் அசைந்தது. ‘வாயத் தொறந்து சொல்லுங்க சாமி, நானென்ன வாத்தியாரா’ என்றார். பின்சீட்டில் ஒரு பெண் சிரித்தாள். வடவள்ளி. சொல்லிவிட்டேன். இந்தக் குரல்தான் ஐம்பத்தைந்து நாட்களாக ஒருவருக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டுகிறது என்று இந்த பஸ்ஸில் யாராவது நம்புவார்களா.

ஐம்பத்தைந்து நாட்கள். முப்பத்திரண்டு நாட்கள் படித்தேன், இருபத்து மூன்று நாட்கள் படிக்கவில்லை. அதைச் சரியாக யோசிக்க வேண்டும் என்றால் முதலிலிருந்து வர வேண்டும், ஆனால் முதலிலிருந்து வரப் பார்க்கும்போதெல்லாம் அவர் விரல் வைத்துப் பார்ப்பாரே என்ற இடத்தில் மனம் போய் நின்றுவிடுகிறது. விடுதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருந்தது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்ட விருப்பமுள்ளவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும். நான் அழைக்கவில்லை, செய்தி அனுப்பினேன். பதில் அனுப்பிய பெண், பெரும்பாலும் பரீட்சைக்குப் படிப்பவர்கள்தான், ஒருவர் மட்டும் பரீட்சை எதுவும் இல்லை, கதை வேண்டும் என்கிறார், நாற்பத்து மூன்று வயது, அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் என்று எழுதியிருந்தாள். அவருக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாளாம். அவரே, சுகந்தி அக்காவே, கூப்பிட்டார். ‘போன்லயே படிக்கற வசதியெல்லாம் இருக்குதுங்க அம்மிணி. ஆனா அதுக்குள்ள இருக்கற பொம்பள எல்லாத்தையும் ஒரே மாதிரி படிக்கறா. அவளுக்குச் சாவும் ஒண்ணுதான், சாம்பாரும் ஒண்ணுதான்.’ நான் சிரித்தேன். சிரித்த சத்தம் கேட்டுத் திடுக்கிட்டது நான்தான். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்தாறு பக்கம் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பிவிடுவேன், அவர் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்பார், கேட்டதும் கூப்பிடுவார், அந்த ஐந்தாறு பக்கத்தைப் பற்றிக் கால்மணி நேரமாவது பேசுவார். கால்மணி நேரம் முக்கால்மணி நேரமானது. என் அறைத்தோழி ரெஜினா, திண்டுக்கல்காரி, போன் அடித்ததும் எடுத்து நீட்டுவாள். ‘இந்தா, உன் ஆளு. எங்ககிட்ட பேசுறதுக்குத்தான் உனக்கு வாயில கொழுக்கட்ட.’ ரெஜினா கெட்டவளில்லை. அவளிடம் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். சுகந்தி அக்காவால் என்னைப் பார்க்க முடியாது என்பதுதான் எனக்கு முதலில் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

பஸ் வடகோவை மேம்பாலத்தில் ஏறுகிறது. கீழே தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் மட்டும் பெட்டிகள் இல்லாமல் நிற்கிறது. எங்கள் அலுவலகத்திலும் ஞாயிறு விடுமுறை. பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்யும் இடம். நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு தாள் புரட்டுவேன். புரட்ட வேண்டும், படிக்கக் கூடாது, படித்தால் வேகம் குறைகிறது என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார். எம்.ஏ. வரலாறு படித்தவளை இதற்கு எடுத்தது தாளைக் கிழிக்காமல் புரட்டத் தெரிந்தவள் என்பதற்காகத்தான். காதில் எல்லாரும் பாட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் கணக்கு வைத்துப் பார்த்தேன், ஒரு நாளில் நான் பேசியது சராசரி நான்கு வாக்கியம். அதில் இரண்டு, ‘ஸ்டேப்ளர் பின் இருக்குதா’ என்பது. சொந்த ஊரான விருத்தாசலத்தில் இருக்கும்போதும் நான் அதிகம் பேசியவளில்லை, ஆனால் அங்கே பேசாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அத்தை வீட்டுக்கு வந்தால் ‘கோதை எங்க, புஸ்தகத்துக்குள்ள பூந்துக்கிட்டாளா’ என்று கேட்பாள். இங்கே பேசாமல் இருப்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் இந்த பஸ் கொள்ளாது, அப்படிச் சொல்வது பெருமைக்காக இல்லை. அவை எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தன. ஒளிந்திருப்பவளுக்கு ஒரு சங்கடம் உண்டு, யாராவது தேட வேண்டும். யாரும் தேடாத வீட்டில் கட்டிலுக்கடியில் எவ்வளவு நேரம் படுத்திருப்பது. முதல் நாள் பதிவை அனுப்பிவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், போன் அடித்தது, ‘அம்மிணி, அந்த வீட்டுக்காரி கதவ எதுக்கு அவ்ளோ பொறுமையா சாத்துனா, அவளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குது’ என்றார் சுகந்தி அக்கா. வணக்கம் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டதை நான் படிக்கும்போது கவனிக்கவே இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தேன். பொறுமையாகத்தான் சாத்தியிருந்தாள்.

உக்கடத்தில் நடைபாதையில் எடுத்த நாவல் அது. அட்டை இல்லை, தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. சௌந்தரம் என்ற பெண், போஸ்ட் மாஸ்டராக இருந்த கணவன் இறந்தபின் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாடகைக்கு ஒரு அறை எடுத்து இருக்கிறாள். கொழுந்தன்மார் வருகிறார்கள், போகிறார்கள், வீட்டுக்காரி சந்தேகப்படுகிறாள், மழை பெய்கிறது. நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் சௌந்தரம் ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் ஏறுகிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அதோடு முடிந்துவிட்டது. கீழே முற்றும் என்று போட்டிருந்தது, ஒரு சின்னப் பூ வரைந்திருந்தது. முப்பத்திரண்டாம் நாள் மாடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தேன், பஸ்ஸில் ஏறினாள் என்பது வரை வந்தேன், ஹாரனும் வாசித்தேன். முற்றும் என்பதை வாசிக்கவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். விரல் பதிவை நிறுத்திவிட்டது, நிறுத்தினால் போன் அதை உடனே அனுப்பிவிடுகிறது. அரைமணியில் கூப்பிட்டார். ‘எந்தூருக்குப் போறா? நாளைக்குத் தெரிஞ்சுபோயிருமல்லொ?’ என்றார். தெரிந்துவிடும் என்றேன். அந்த இடத்தில் முடிந்துவிட்டது அக்கா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். வேறு புத்தகம் எடுத்திருப்போம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வாரம்தான் அவர் தங்கை மஸ்கட்டிலிருந்து ஒரு மாத விடுமுறைக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தார். தங்கை வந்தால் தங்கை படிப்பாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு புத்தகம் பாதியில் இருந்தால் மட்டும்தான் என்னை விட மாட்டார். மறுநாள் மாலை மெல்லிய புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, மூடிய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘பஸ் விடியற்காலையில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது’ என்றேன். அடுத்த வாக்கியம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பக்கம் புரளும் சத்தம் இல்லையே என்று மூன்றாவது நிமிடத்தில் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து ஆபீஸிலிருந்து எடுத்துவந்த பழைய ரெஜிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு தாளைப் புரட்டினேன். கிழிக்காமல் புரட்டத் தெரிந்தவள்.

தங்கை வரவில்லை, லீவு கிடைக்கவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் சௌந்தரம் பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்ந்திருந்தாள், ஒரு அலுவலகத்தில் தாள் புரட்டிக்கொண்டிருந்தாள், மாடியில் துணி காயப்போடும்போது கம்பி கையைக் கிழித்து யாரிடமும் சொல்லாமல் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு வேலைக்குப் போனாள். எதையும் நான் யோசித்து உண்டாக்கவில்லை, கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ‘இப்பத்தான் கதை நல்லாப் போவுது’ என்றார் சுகந்தி அக்கா. ‘மொதல்ல எல்லாம் அந்தம்மா எதுக்கெடுத்தாலும் அழுதுட்டே இருந்துச்சு. எழுதுன ஆளுக்கு நடுவுல புத்தி வந்திருச்சாட்ட இருக்குது.’ அன்றைக்கு எனக்கு இரண்டு முறை படியேறி இறங்க வேண்டும்போல் இருந்தது, ஏறி இறங்கினேன், ரெஜினா ‘என்னடி ஆச்சு உனக்கு’ என்றாள். இன்னொரு நாள் அவர் குரல் கவலையாக இருந்தது. ‘ஏனம்மிணி, அந்தம்மா ரெண்டு நாளா யாருகூடவும் பேசவே இல்லியே. எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. லைன் மாத்திக் குடுத்துப் போட்டேன், ஆபீசர் கத்தறாரு. நாளைக்காவது யாராச்சும் பேசறாங்களான்னு நீ கொஞ்சம் முன்னாடி பொரட்டிப் பாத்துச் சொல்லேன்.’ சௌந்தரம் பேசாத அந்த இரண்டு நாளும், சுகந்தி அக்காவைத் தவிர யாரோடும் நான் பேசாத இரண்டு நாள், ஒரு சனியும் ஞாயிறும். ஊரில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரில் ஒருவர், கண் தெரியாத ஒருவர், எனக்காக ஒரு அலுவலகத்தின் லைனை மாற்றிக் கொடுத்திருக்கிறார், எனக்காக என்று அவருக்குத் தெரியாமலேயே. அடுத்த நாள் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி சௌந்தரத்தின் கதவைத் தட்டிப் பக்கெட் கேட்டாள். சுகந்தி அக்கா ‘அப்பாடா’ என்றார். அந்த அப்பாடாவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு எண்ணம் இருக்கிறது, அதன் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். சரிபார்க்க முடியாத ஒருவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம். கடையில் அவர் ரூபாய் நோட்டை நீட்டும்போது எதை வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருக்கும் ஒருவனும் நானும் ஒன்றுதானே. ஒன்றில்லை என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும். கதை நன்றாக இருந்தது என்பதா.

லாலி ரோடு. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் பால்குடத்தை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ‘பையக் கீழ வெச்சுக்க கண்ணு, எதுக்கு இப்பிடிக் கட்டிப்புடிச்சுட்டிருக்கற, உள்ள என்ன நகையா’ என்கிறாள். புத்தகம் என்கிறேன். ‘புஸ்தகத்த எவன் திருடப்போறான்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். போன வாரம்தான் சுகந்தி அக்கா அதைச் சொன்னார். மூன்று ஞாயிறாக வீட்டுக்கு வா என்கிறார், நான் தலைவலி, துணி துவைக்கணும், மழை என்று சொல்லித் தள்ளினேன். போன வாரம், ‘இந்த ஞாயிறு வர்ற. அந்தப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா’ என்றார். எதுக்கு அக்கா. ‘புடிச்சுப் பாக்கோணும். என்ற தங்கச்சி படிக்கறப்ப பக்கத்துல உக்காந்து, படிக்காத மிச்சப் பக்கத்த நான் ரெண்டு விரல்ல புடிச்சிட்டே இருப்பேன். தெனமும் கொறையும். விரலுக்குத் தெரியும், இன்னும் இத்தன நாளு இருக்குதுன்னு. இந்தப் புஸ்தகம் எவ்ளோ பெருசுன்னே எனக்குத் தெரியல. தெனம் ஆறு பக்கம்னாலும் முன்னூறத் தாண்டி வந்துட்டமே. இன்னும் எவ்ளோதான் மிச்சம் இருக்குது? அத ஒருக்கா புடிச்சுப் பாத்துட்டா நிம்மதி.’ புத்தகத்துக்கு ஒரு தடிமன் உண்டு என்பதை நான் மறந்திருக்கிறேன். நாள் முழுதும் தாளைத் தொடுகிறவள் மறந்திருக்கிறேன். நூற்று எழுபத்தாறு பக்கம், சுண்டுவிரல் பருமன்கூட வராது. அவர் விரல் வைத்துப் பார்ப்பார். நேற்று உக்கடத்தில் புத்தகங்களின் தலைப்பைப் பார்க்காமல் பருமனை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி ஒவ்வொன்றாக அளந்தேன். அகலம் உயரம் எல்லாம் சரியாக அமைந்தது ஒன்றுதான். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ‘பம்ப்செட் மோட்டார் ரிப்பேருங்க இது. ஐ.டி.ஐ.யில படிக்கறீங்களா?’ இல்லை என்றேன். ‘வீட்ல மோட்டார் ஓடலியா?’ இல்லை, இதுதான் வேண்டும் என்றேன். ‘தம்பிக்கா?’ அதற்கு ஆமாம் என்றேன், எனக்குத் தம்பி கிடையாது, அவர் திருப்தியாகக் கட்டிக் கொடுத்தார். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொரு பொய் எவ்வளவு வசதியாக உட்காருகிறது. நானூற்று இருபத்து நான்கு பக்கம். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் படங்கள், மின்சுற்றுக் கோடுகள். அவர் விரலுக்கு அவை தெரியாது.

வேளாண் பல்கலைக்கழகத்து மரங்கள் வருகின்றன, பஸ்ஸுக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்து எல்லார் முகத்திலும் ஓடிப் போகிறது. எனக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் மடியில் கனக்கின்றன. தடிமனானதைக் கொடுத்தால், முக்கால்வாசி இடத்தில் காலையிலேயே மடக்கி வைத்த தாளைக் காட்டி இதுவரை வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். மிச்சத்தை அவர் இரண்டு விரலில் பிடித்துப் பார்ப்பார். இன்னும் இரண்டு வாரம் வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகு வேறு புத்தகம், நிஜப் புத்தகம், ஒரு வார்த்தைகூட என் வார்த்தை இல்லாத புத்தகம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மெல்லியதைக் கொடுத்தால் இன்றோடு சரி. பொழுது சாயும் நேரம் போன் அடிக்காது. தண்ணீர்த் தொட்டி இருக்கும், துணிக்கம்பி இருக்கும். முன்பு அப்படித்தானே இருந்தது, அப்போது நான் செத்துப்போகவில்லையே. செத்துப்போகவில்லை. ஆனால் அப்போது, போன் அடிக்காமல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது, வடவள்ளியில் இறங்காமல் இந்தப் பால்குடங்களோடு மருதமலைக்கே போய்விடுவது, படியேறி இறங்கித் திரும்பிப் போய் ஜுரம் என்று செய்தி அனுப்புவது. ‘வடவள்ளி சொன்ன பாப்பா, எறங்கு’ என்று கண்டக்டர் கத்துகிறார். அவர் நினைவில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பதால் இறங்கிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டாவது வீதி, மூலையில் மாவு மில், பச்சை கேட், மாடிப்படி. எல்லாம் அவர் சொன்னபடியே இருக்கிறது. பச்சை என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே நம்பி எனக்கும் சொல்லியிருக்கிறார், பச்சையாகவே இருக்கிறது.

கதவு திறந்தே இருந்தது. நான் செருப்பைக் கழற்றும்போதே ‘வா அம்மிணி’ என்று உள்ளிருந்து குரல் வந்தது, போனில் வருவதைவிடக் கொஞ்சம் தடித்த குரல். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தார், நீலப் புடவை, தலையில் ஈரம் காயவில்லை. கையைப் பிடிக்கவில்லை. ‘அந்த நாற்காலில உக்காரு, மத்ததுக்குக் கால் ஆடும்’ என்றார், எதிரில் கட்டிலில் உட்கார்ந்தார், இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். ‘குடு மொதல்ல. அப்பறம் பேசிக்கலாம்.’ பைக்குள் கையை விட்டேன். எது பெரியதோ அதுதான் கைக்கு முதலில் வந்தது, நான் எடுத்ததாகச் சொல்ல முடியாது, எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் கையில் வைத்தேன். அவர் அதன் முதுகைத் தடவினார், தாள்களின் ஓரத்தைத் தடவினார், மடக்கியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தார், அதிலிருந்து கடைசி வரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். அவர் முகம் முழுவதும் மலர்ந்துவிட்டது. ‘அடேங்கப்பா! இத்தன இருக்குதா இன்னும்? நான் பயந்துட்டே இருந்தேன் அம்மிணி, இன்னிக்கு முடிஞ்சிருமோ நாளைக்கு முடிஞ்சிருமோன்னு. முடிஞ்சா நீ அப்பறம் எங்கூட எதுக்குப் பேசப்போற, உனக்கு ஆயிரம் வேல இருக்கும்.’ நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு நடுவில் இருந்தது மோட்டாருக்கு எண்ணெய் போடும் முறை. எல்லாம் நான் திட்டமிட்டபடியே நடந்திருந்தது, ஒரு குறையும் இல்லை. இப்படிச் சந்தோஷப்படுவார் என்பதை மட்டும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ‘அக்கா, அது இல்ல’ என்றேன். ‘எது இல்ல?’ ‘அந்தப் புஸ்தகம் அது இல்ல. அது வேற. இதுதான்.’ மெல்லியதை அவர் மடியில் வைத்தேன்.

கையிலிருந்ததை அவர் கட்டிலில் வைத்தார். பிறகு மடியில் இருந்ததைப் பிரித்தார், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே பிடியாகப் பிடித்துப் பார்த்தார். ‘இவ்ளோதானா?’ என்றார். ‘ஆமா.’ ‘எங்க முடியுது?’ ‘பஸ்ல ஏர்றதோட.’ ‘ஹாரன் அடிக்கறதோட.’ ‘ஆமா.’ ‘அதுக்கப்பறம்?’ ‘நான் சொன்னது.’ கீழே மாவு மில் ஓட ஆரம்பித்தது, தரையில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. ‘கோயமுத்தூரு? ஆஸ்டலு? பக்கெட்டு கேட்ட புள்ள?’ ‘எல்லாம் நான்தான்.’ ‘பக்கம் பொரட்டற சத்தம் கேட்டுச்சே.’ ‘ரெஜிஸ்டர் ஒண்ணு வெச்சுருந்தேன்.’ ‘ஆபீஸ்ல பத்மாவதிகிட்டத் தெனமும் இந்தக் கதையச் சொல்லுவேன். அவ கேப்பா, சௌந்தரத்துக்கு என்னாச்சுன்னு. இப்ப நான் போயி என்னன்னு சொல்றது?’ நான் நகத்தடிப் பசையைச் சுரண்டினேன். ‘எனக்கு எல்லாரும் இப்பிடித்தான் அம்மிணி பண்ணுவாங்க. பொடவ எடுக்கப் போனா இருக்கற நெறத்தச் சொல்ல மாட்டாங்க, எனக்குப் புடிச்ச நெறத்தச் சொல்லுவாங்க. நல்லதுக்குத்தான். நீயும் அதத்தான் பண்ணியிருக்கற.’ குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலாம். எழுந்து போய்விடு என்று சொல்லப்போகிறார் என்று பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். ‘கடைசிப் பக்கத்தப் படி’ என்றார். ‘அதுல இருக்கறத மட்டும். எதையும் உடாம.’ வாங்கிப் பிரித்தேன். ஒருவர் எதிரில் உட்கார்ந்து நான் வாசித்ததில்லை, எழுத்துகள் கொஞ்ச நேரம் நிலையாக நிற்கவில்லை. துணிப்பை, படிக்கட்டு, டிரைவர், ஹாரன். முற்றும். அதையும் வாசித்தேன். ‘கீழே ஒரு பூ போட்டிருக்குது’ என்றேன். அவர் தலையை ஆட்டினார். ‘பாவம், அந்தம்மா எந்தூருக்குப் போனாளோ’ என்றார், இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல. பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கித் தலையணைப் பக்கம் வைத்தார், மோட்டார் புத்தகத்தை என் மடியில் தள்ளினார்.

‘கோவம் இருக்குது’ என்றார். ‘அது இருக்கட்டும், போகறப்பப் போகும். ஆஸ்டல்ல இருக்கற அந்தம்மாவுக்கு அப்பறம் என்னாச்சு? நேத்து ஜொரத்துல வேலைக்குப் போகாம படுத்துக் கெடந்துச்சே.’ ‘சௌந்தரம் நேத்து...’ என்று ஆரம்பித்தேன். ‘சௌந்தரம் பஸ் ஏறிப் போயிட்டா. அவளச் சொல்லாத’ என்றார். ‘நீ என்ன பண்ணுன, அதச் சொல்லு.’ நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருடைய முகம் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி, காது என் பக்கம் இருந்தது. நான் என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றை எவரிடமாவது கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்தேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை, ஸ்டேப்ளர் பின்தான் வந்தது. கதையாக வந்ததெல்லாம் எவ்வளவு சுலபமாக வந்தது. கம்பி கிழித்தது, சனி ஞாயிறு, ஜுரம், எல்லாவற்றுக்கும் வார்த்தை இருந்தது. இப்போது அதே வார்த்தைகள் எதையும் காணோம். ‘நான்’ என்றேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார், காத்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் காத்திருந்தார். ‘நான் நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல அக்கா’ என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவர் சுவரைக்கூடத் தொடாமல் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது, தோசைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது. நான் அத்தோடு நிறுத்தியிருந்தேன். ‘எதுக்கு நிறுத்துன?’ என்றார் உள்ளேயிருந்து. ‘சொல்லு. எனக்கு இங்கயும் கேக்கும்.’